ட்ரெயிலர் வண்டியைப் பின்னுக்குச் செலுத்தப் பழகுதல்

உற்பத்தியான பொருள் உற்பத்தியான இடத்திலேயே கிடக்குமானால் அதற்கு விலை இல்லை. தறியிலிருந்து இறங்கிய துணியும், வயலில் வெட்டிய கரும்பும் வண்டி ஏறிய பின்னரே பணமாகின்றன. ஆகவே, வண்டி ஓட்டுவோரின் தொழிலை நமக்குப் புறம்பான தொழிலாக நாம் கருதுவதற்கில்லை. கரூரில் நெய்து தைத்து முடிந்த வீட்டு உபயோகத் துணிகள், கன்டெய்னர் எனப்படும் இரும்புப் பெட்டகங்களில் அடைபட்டு, நீண்ட ட்ரெயிலர் லாரிகளின் மீது தூத்துக்குடித் துறைமுகம் செல்கின்றன. கரும்பு விளையும் ஊர்களிலோ, டிராக்டரின் பின்னே மாட்டிய ட்ரெயிலர் இல்லாமல் அறுவடை நடைபெறுவது அரிது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய வட்டாரங்கள் லாரித் தொழிலுக்கே பெயர் பெற்றவை. அங்கெல்லாம் தறி வைத்த வீட்டுப் பிள்ளையும், ஏர் வைத்த வீட்டுப் பிள்ளையும் ஸ்டியரிங் பிடிப்பது புதிய செய்தியன்று.

இவ்வாறு இத்தொழிலுக்குச் செல்லும் இளைஞர்களைக் கேட்டால், எல்லோரும் ஒருமுகமாகச் சொல்வது ஒன்று உண்டு. வண்டியை முன்னே ஓட்டுவது சில வாரங்களில் கைவந்து விடுகிறது. ட்ரெயிலரைப் பின்னே செலுத்துவதுதான் வியர்வையை வரவழைக்கிறது என்பதே அது. கார் ஓட்டத் தெரிந்தவரும், சாதாரண லாரியைப் பல ஆண்டுகள் ஓட்டியவரும் கூட, ட்ரெயிலரைப் பின்னுக்குத் தள்ள முற்படும்போது முதல் நாள் பழகுநர் போலவே திகைக்கின்றனர். இத்திகைப்பு அறிவுக் குறைவால் வருவதன்று. அவ்வண்டியின் அமைப்பே அதற்குக் காரணம். அக்காரணத்தையும், பழகும் முறையையும், அதில் அடங்கியுள்ள அபாயத்தையும், அந்த அபாயத்தைக் குறைக்க நம் போன்ற சங்கங்கள் செய்யக்கூடியதையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

வண்டியின் அமைப்பு

நாம் இங்கே ட்ரெயிலர் லாரி என்று சொல்வது இரு பகுதிகளால் ஆனது. இயந்திரமும் ஓட்டுநரின் அறையும் உள்ள முன்வண்டி ஒன்று. சரக்கைத் தாங்கும் பின்வண்டி மற்றொன்று. பின்வண்டிக்கு முன்புறச் சக்கரங்கள் கிடையா. அதன் முன்பாரம் முழுவதும் முன்வண்டியின் முதுகிலுள்ள ஒரு வட்டத் தட்டின் மேல் அமர்ந்திருக்கும். பின்வண்டியின் அடியிலிருந்து இறங்கும் கிங்பின் என்ற தடித்த இரும்பு முளை, அத்தட்டிலுள்ள பிடிப்பில் பூட்டப்பட்டிருக்கும். கதவு கீலில் திரும்புவதுபோல் இரு வண்டிகளும் இம்முளையைச் சுற்றித் திரும்புகின்றன.

இவ்வமைப்புக்கு நூறாண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அமெரிக்காவில் டெட்ராயிட் நகரத்துக் கொல்லரும் வண்டி செய்பவருமான ஆகஸ்ட் புரூஹாப் என்பவர், 1914-ஆம் ஆண்டில், மர வியாபாரி ஒருவரின் படகை ஏற்றிச் செல்வதற்காக போர்டு மோட்டார் வண்டியொன்றின் பின்னே மாட்டத்தக்க வண்டி ஒன்றைச் செய்து கொடுத்தார். படகுக்காகச் செய்த வண்டி மரம் ஏற்றவும் உதவுவதைக் கண்டு, அதுவே அவருக்குப் பெருந்தொழிலாயிற்று. பின்னர், லாரி ஓட்டித் தொழிலைத் தொடங்கிய மால்கம் மக்லீன் என்பவர், சரக்கை மூட்டை மூட்டையாகக் கப்பலில் ஏற்றுவதற்குப் பதில், பெட்டகத்தோடு தூக்கி வைத்தால் என்ன என்று எண்ணினார். துறைமுகத்தில் தம் லாரியிலிருந்த பஞ்சுப் பொதிகளை இறக்குவதற்காக நெடுநேரம் காத்திருந்தபோது அவருக்கு இவ்வெண்ணம் உதித்தது என்று ஒரு கதை வழங்குகிறது. 1956-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் அவருடைய ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பல் 58 பெட்டகங்களுடன் நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. இன்று உலகெங்கும் ஓடும் 20 அடி, 40 அடிப் பெட்டகங்களின் வழி அன்றுதான் திறந்தது.

40 அடிப் பெட்டகத்தின் நீளம் 12.19 மீட்டர், அகலம் 2.44 மீட்டர். இத்துணை நீளமுள்ள பெட்டகத்தைச் சுமந்த வண்டியை, அதன் அகலத்தைவிடச் சிறிதே அகன்ற கிடங்கு வாயிலில் பின்புறமாகக் கொண்டு போய்ப் பொருத்த வேண்டும். ஒரு பாகை அளவு கோணல் இருந்தாலும், 12 மீட்டர் நீளத்தில் அதன் வால் ஏறத்தாழ 21 சென்டிமீட்டர் விலகி நிற்கும். ஒரு சாண் விலகினால் சுவரை இடிக்கும் இடங்கள் உண்டு. வேலை எவ்வளவு நுண்ணியது என்பதை இதனால் உணரலாம்.

முன்னே எளிது, பின்னே அரிது: ஏன்?

நெசவாளர்களுக்கு இதை விளக்குதல் எளிது. நூலின் நுனியைப் பிடித்து இழுத்தால், அது தானாகவே நேராகி நம் கையைப் பின்தொடர்கிறது. அதே நூலைத் தள்ளிப் பார்த்தால், வளைந்து சுருண்டு கொள்கிறது. ட்ரெயிலரும் அத்தன்மையதே. முன்னே செல்லும்போது முன்வண்டி இழுக்கிறது; பின்வண்டி சற்றுக் கோணலாக இருந்தாலும், சிறிது தூரத்தில் தானே நேராகி விடும். பின்னே செல்லும்போது முன்வண்டி தள்ளுகிறது. அப்போது சிறு கோணல் தானே நேராவதில்லை. வினாடிக்கு வினாடி வளர்கிறது. கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட தூக்குக் குண்டு எப்படி அசைந்தாலும் நேர்நிலைக்கு வருகிறது. உள்ளங்கையில் நிறுத்திய கோலோ, ஓயாமல் கையை அசைத்துத் தாங்கினாலன்றி விழுந்து விடுகிறது. முன்னோட்டம் தூக்குக் குண்டை ஒத்தது. பின்னோட்டம் உள்ளங்கைக் கோலை ஒத்தது.

இரண்டாவது சிரமம், திசை மாறித் தோன்றுவது. இதை விவசாயிகள் நன்கறிவர். மாடுகளை அவிழ்த்துவிட்ட பார வண்டியை நுகத்தடியைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளிய அனுபவம் அவர்களுக்கு உண்டு. வண்டியின் பின்புறம் வலப்பக்கம் போக வேண்டுமானால், நுகத்தடியை இடப்பக்கம் ஒதுக்கித் தள்ள வேண்டும். இடப்பக்கம் போக வேண்டுமானால் வலப்பக்கம் ஒதுக்க வேண்டும். ட்ரெயிலரிலும் இதே விதிதான். பின்வண்டியின் வால் வலப்பக்கம் போக வேண்டுமானால், கிங்பின் உள்ள அதன் தலை இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். அதற்கு முன்வண்டியின் பின்பகுதி இடப்பக்கம் செல்ல வேண்டும். ரிவர்ஸ் கியரில் ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் அது நிகழும். சுருங்கச் சொன்னால், ஸ்டியரிங் இடம் திரும்பினால் வால் வலம் போகும். ஸ்டியரிங் வலம் திரும்பினால் வால் இடம் போகும்.

இதை மனத்தில் கணக்கிட்டுக் கொண்டிருந்தால், கணக்கு முடிவதற்குள் வண்டி கோணி விடும். ஆகவே பழகுநருக்கு ஓர் எளிய உபாயம் சொல்லித் தரப்படுகிறது. ஸ்டியரிங் சக்கரத்தின் அடிப்பகுதியைக் கையால் பிடித்துக் கொள்க. வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, அந்தப் பக்கமே கையை நகர்த்துக. கை வலப்பக்கம் நகர்ந்தால் சக்கரம் இடப்பக்கம் சுழல்கிறது. வால் வலப்பக்கம் செல்கிறது. தலைகீழாகத் தோன்றிய விதி இவ்வாறு நேராகி விடுகிறது.

வண்டி ஏறுமுன் வீட்டிலேயே இவ்விதியைக் கண்டறிய வழி உண்டு. சிறு மரத்துண்டுகள் இரண்டை எடுத்து, குட்டையானதன் பின்முனைக்கருகில் நீண்டதன் முன்முனையை ஓர் ஆணியால் தளர்வாகப் பூட்டுக. நீண்ட துண்டின் பின்முனையில் மட்டும் இரு சக்கரங்களைப் பொருத்துக. பிறகு குட்டைத் துண்டைப் பிடித்து மேஜைமேல் பின்னோக்கித் தள்ளிப் பார்க்க. அரைமணி நேரம் இதைச் செய்த பழகுநருக்கு, புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தாலும் வராத தெளிவு வரும்.

பாடம் ஒன்று: நேராகப் பின்னேறுதல்

பழகுவதற்கு விசாலமான வெற்று மைதானம் வேண்டும். தரையில் சுண்ணாம்புத் தூளால் இரு நேர்க்கோடுகளை இழுத்து, அவற்றுக்கிடையே வண்டியை நிறுத்துக. முதலில் வண்டியைச் சிறிது தூரம் முன்னே ஓட்டி, இரு பகுதிகளையும் ஒரே நேர்க்கோட்டுக்குக் கொண்டு வருக. கோணலாகத் தொடங்கிய பின்னோட்டம் ஒருபோதும் நேராக முடிவதில்லை.

பின்னர் ரிவர்ஸ் கியரில் இட்டு, ஆக்சிலேட்டரை மிதியாமல், கிளச்சை மெல்ல விடுக. வண்டி ஆள் நடக்கும் வேகத்தையும் மிஞ்சாமல் நகர வேண்டும். வேகம் குறைந்தால் சிந்திக்க நேரம் கிடைக்கும். தவறு வளர்வதற்கும் நேரம் பிடிக்கும். இரு பக்கக் கண்ணாடிகளையும் மாறி மாறிப் பார்த்து வருக. நேராகச் செல்லும்வரை, இரண்டிலும் பின்வண்டியின் பக்கம் சம அளவில் தெரியும். ஒரு கண்ணாடியில் அது பெரிதாகத் தெரியத் தொடங்கினால், வால் அந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பொருள். உடனே அந்தக் கண்ணாடியின் பக்கமே ஸ்டியரிங்கைச் சிறிது திருப்புக. வால் திரும்பி வரத் தொடங்கியதும், அது முழுமையாக நேராகும்வரை காத்திராமல், ஸ்டியரிங்கைப் பழைய நிலைக்குக் கொண்டு வருக.

இப்பாடத்தில் பழகுநர்கள் செய்யும் பிழைகள் பெரும்பாலும் மூன்று. முதலாவது, வேண்டியதைவிட அதிகமாகத் திருப்புதல். இரண்டாவது, தாமதமாகத் திருப்புதல். மூன்றாவது, திருப்பியதைத் திரும்ப எடுக்காமல் பிடித்துக் கொண்டே இருத்தல். ஸ்டியரிங்கைத் திருப்பியவுடன் நீண்ட பின்வண்டி அசைவதில்லை. சற்றுப் பொறுத்தே அசைகிறது. அப்பொறுமை இல்லாதவர், ‘போதவில்லை’ என்று மேலும் திருப்புகிறார். அப்போது முதலில் திருப்பியதும் பிறகு திருப்பியதும் சேர்ந்து பலன் தருகின்றன, வண்டி மடங்குகிறது. குழித்தறியில் உட்கார்ந்த சிறுவன் மிதியை அவசரமாக மாற்றிப் புணி கெடுப்பதைப் பார்த்தவர்களுக்கு, இந்தப் பிழையின் தன்மை விளங்கும். கையின் பலத்தால் வரும் வித்தை அன்று இது. கையின் அடக்கத்தால் வருவது.

பாடம் இரண்டு: திருப்பிப் பொருத்துதல்

நேராகப் பின்னேறுவது கைவந்த பிறகே, பக்கவாட்டில் உள்ள வாயிலுக்குள் வண்டியைத் திருப்பிச் செலுத்தும் பாடத்துக்குப் போக வேண்டும். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். ஆகவே, கூடிய மட்டும் வால் வலப்பக்கம் திரும்பும்படியே வண்டியை அணுகச் செய்வது நல்லது. அப்போது ஓட்டுநர் தம் பக்கத்து ஜன்னல் வழியாகவும், வலப்பக்கக் கண்ணாடியிலும் வாலின் மூலையையும் வாயிலின் நிலையையும் ஒருங்கே காண முடியும். வால் இடப்பக்கம் திரும்பினால், முன்வண்டி எதிர்ப்புறம் திரும்பி விடுவதால், வலப்பக்கக் கண்ணாடியில் வெட்டவெளியே தெரியும். இடப்பக்கத்திலோ பின்வண்டியின் பலகை மட்டுமே தெரியும். அதைக் குருட்டுப் பக்கம் என்றே சொல்லலாம். வேறு வழியே இல்லாதபோது மட்டும் அதை மேற்கொள்ள வேண்டும்.

வாயில் வலப்பக்கம் வருமாறு, அதன் முகப்புக்கு இணையாக மெல்ல வந்து, அதைக் கடந்து செல்க. கடக்கும்போதே வாயிலின் அகலத்தையும், எதிரேயுள்ள இடத்தையும் பார்த்துக் கொள்க. கடந்தபின் முன்வண்டியை இடப்பக்கம் ஒடித்து, வாயிலைவிட்டு விலகிச் சென்று நிறுத்துக. இப்பொழுது வண்டியின் வால் ஓரளவு வாயிலை நோக்கியே சாய்ந்து நிற்கும். பாதி வேலை முன்னே ஓடும்போதே முடிந்து விடுகிறது. பின்னே செய்ய வேண்டியது மீதிப் பாதியே.

பின்னோட்டம் தொடங்கியதும் ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் வால் வலப்பக்கம் திரும்பத் தொடங்கும். போதிய அளவு திரும்பியதும், ஸ்டியரிங்கை வலப்பக்கமாக எடுத்து, மேலும் மடங்காமல் தாங்கிக் கொள்ள வேண்டும். இதுவரை பின்வண்டி திரும்பியது. இனி முன்வண்டி அதைப் பின்தொடர்ந்து திரும்பி, இரண்டும் ஒரே கோட்டில் வர வேண்டும். தொடங்குதல், தாங்குதல், பின்தொடர்தல், நேராக்குதல் என்ற இந்நான்கும் நான்கு தனிச் செயல்களாகத் தோன்றினாலும், பழகியவர் கையில் ஒரே அசைவாக ஒழுகுவதைக் காணலாம்.

இரு பகுதிகளுக்கும் இடையிலுள்ள கோணம் ஓர் எல்லையைக் கடந்து விட்டால், ஸ்டியரிங்கை எப்படித் திருப்பினாலும் பின்னோட்டத்தில் அதை நேராக்க முடியாது. பேனாக்கத்தி மடிவதுபோல் வண்டி மடியும். முன்வண்டியின் மூலை பின்வண்டியில் மோதி, இரும்பு நசுங்கும். காற்றுக் குழாய்களும் மின்கம்பிகளும் அறுந்துபோகும். அந்நிலை நெருங்குவதைக் கண்டால் செய்யத்தக்கது ஒன்றே. நிறுத்தி, முன்னே இழுத்து, நேராக்கி, மீண்டும் தொடங்க வேண்டும். இதைப் பழகுநர்கள் தோல்வியாகக் கருதுகின்றனர். பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்களோ என்று கூசுகின்றனர். தேர்ந்த ஓட்டுநர்கள் கூசுவதில்லை. பாவில் இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போடுவதற்கு எந்த நெசவாளரும் வெட்கப்படுவதில்லை. அறுந்ததை விட்டு நெய்து கொண்டே போவதுதான் வெட்கத்துக்குரியது.

டிராக்டர் ட்ரெயிலரைப் பற்றி

விவசாயிகளுக்கு இங்கே சில வார்த்தைகள் தனியே சொல்ல வேண்டும். இரு சக்கரமுள்ள டிராக்டர் ட்ரெயிலரும் மேற்கூறிய இனத்தைச் சேர்ந்ததே. அதே விதிகள் அதற்கும் பொருந்தும். ஆயினும் இரு வேறுபாடுகள் உண்டு. அது நீளத்தில் குறைந்தது. நீண்ட ட்ரெயிலர் மெல்லத் திரும்பும். குட்டை ட்ரெயிலர் விரைந்து திரும்பும். மேலும், லாரியில் கிங்பின் முன்வண்டியின் பின்னச்சுக்கு மேலேயோ சற்று முன்னாலோ அமைகிறது. டிராக்டரில் கொக்கி பின்னச்சுக்குப் பின்னால் தள்ளி அமைகிறது. ஆதலால் டிராக்டர் சிறிது திரும்பினாலும் கொக்கி அதிகமாக வீசுகிறது. இவ்விரு காரணங்களாலும் டிராக்டர் ட்ரெயிலர் கண் மூடித் திறப்பதற்குள் மடிந்து விடக் கூடியது. சிறிய வண்டிதானே என்ற அலட்சியம் கூடாது.

நான்கு சக்கரமுள்ள ட்ரெயிலர்களில், முன்னச்சும் தனியே திரும்புமாறு அமைந்தவை உண்டு. அவற்றில் திரும்பும் இடம் ஒன்றன்று, இரண்டு. ஒன்றைத் தாங்குவதற்குள் மற்றொன்று கோணிக் கொள்ளும். பழகுநர்கள் அத்தகைய வண்டியைப் பின்னே தள்ள முற்படாமல், களத்தைச் சுற்றி வந்து முன்னோக்கியே வெளியேறும்படி வழி அமைத்துக் கொள்வது உத்தமம்.

இறங்கிப் பார்த்தல்

இதுவரை கூறியது கைத்திறன். இனிக் கூறுவது அதனினும் முக்கியமானது. பின்னே செல்லும் வண்டியின் ஓட்டுநர், தாம் செல்லும் இடத்தைக் காண்பதில்லை. கண்ணாடிகள் பக்கங்களைக் காட்டுகின்றன. வாலுக்கு நேர் பின்னேயுள்ள இடத்தைக் காட்டுவதில்லை. அவ்விடத்தில் ஒரு குழந்தை விளையாடிக் கொண்டிருக்கலாம். களத்தில் வேலை செய்த அம்மாள் ஒருவர் நிழலுக்காக அமர்ந்திருக்கலாம். கிடங்குத் தொழிலாளி ஒருவர் சுவருக்கும் வண்டிக்கும் நடுவே நின்று கதவின் கொண்டியை எடுத்துக் கொண்டிருக்கலாம். வண்டி மெல்ல வந்தாலும் அதன் பாரம் டன் கணக்கானது. சுவரோடு நசுங்கியவருக்கு, வண்டி மெல்ல வந்தது என்பதால் ஆறுதல் இல்லை.

ஆகவே, பின்னேறுமுன் வண்டியிலிருந்து இறங்கி, சுற்றி வந்து, கண்ணால் பார்த்தல் வேண்டும். ‘இறங்கிப் பார், தம்பி’ என்று மூத்த ஓட்டுநர்கள் பழகுநர்களிடம் இடைவிடாமல் கூறுவதன் பொருள் இதுவே. பார்க்க வேண்டியவை நான்கு.

முதலாவது, தரை. ஈர மண்ணா, புதிதாக நிரப்பிய பள்ளமா, வாய்க்கால் கரையா, கிணற்று மேடா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, தலைக்கு மேலுள்ளவை. சாதாரணப் பெட்டகத்தின் உயரம் 2.59 மீட்டர், உயரப் பெட்டகமானால் 2.90 மீட்டர். வண்டியின் சட்டத்தின்மேல் ஏறியபின் மொத்த உயரம் 4 மீட்டரை ஒட்டியோ, அதைத் தாண்டியோ அமையும். மின்கம்பி, மரக்கிளை, தகரச் சாய்ப்பு ஆகியவற்றைப் பார்க்காமல் செல்பவர், பின்னால் ஒன்றுமில்லை என்று நினைத்துக் கொண்டே மேலே மோதுவார். கரும்பும் வைக்கோலும் உயரமாக ஏற்றிய டிராக்டர் ட்ரெயிலர்களுக்கும் இது பொருந்தும். மூன்றாவது, பக்கங்களில் நீட்டிக் கொண்டிருக்கும் தூண், கல், நிறுத்திய சைக்கிள் முதலியவை. நான்காவது, மனிதர். முதல் மூன்றும் நாம் பார்த்தபின் இருந்த இடத்திலேயே இருக்கும். மனிதர் மட்டும் நகர்ந்து கொண்டே இருப்பர். அதனால்தான் ஒருமுறை பார்த்தது போதாது. ஐயம் தோன்றும் ஒவ்வொரு முறையும் நிறுத்தி இறங்க வேண்டும்.

இக்காலத்தில் பின்னேறும்போது ஒலி எழுப்பும் கருவிகளும், பின்புறத்தைக் காட்டும் காமிராக்களும் வந்துள்ளன. அவை நல்ல உதவிகளே. எனினும், ஒலி கேட்பவருக்கு எச்சரிக்கை தருமேயன்றி, காது கேளாதவரையும் கைக்குழந்தையையும் விலக்காது. முன்வண்டியில் பொருத்திய காமிரா பின்வண்டியின் வாலைக் காட்டாது. சேறு படிந்த காமிரா எதையும் காட்டாது.

சைகை காட்டுபவர்

துணையாள் ஒருவர் பின்னே நின்று வழி சொல்வது நம் நாட்டு வழக்கம். ‘வரலாம், வரலாம்’ என்று கூவிக் கொண்டே கிளீனர் பலகையைத் தட்டும் ஓசையை எல்லோரும் கேட்டிருக்கிறோம். இவ்வழக்கம் நல்லதே, ஆனால் சில ஒழுங்குகள் வேண்டும். சைகை காட்டுபவர் ஒருவராகவே இருக்க வேண்டும். நால்வர் நான்கு திசையில் கூவினால், ஓட்டுநர் எவருக்குச் செவி சாய்ப்பார்? அவர் ஓட்டுநரின் கண்ணாடியில் எப்போதும் தெரியும்படி, பக்கத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். வண்டிக்கும் சுவருக்கும் இடையில் ஒருபோதும் நிற்கலாகாது. ‘வா’, ‘நில்’, ‘வலம்’, ‘இடம்’ ஆகியவற்றுக்கு உரிய கைச் சைகைகளை முன்பே பேசி வைத்துக் கொள்ள வேண்டும். ‘வலம்’ என்றால் வால் வலமா, ஸ்டியரிங் வலமா என்பது அதில் தெளிவாக வேண்டும். சைகை காட்டுபவர் கண்ணாடியிலிருந்து மறைந்தால், அந்தக் கணமே வண்டி நிற்க வேண்டும். அவர் திரும்பத் தெரியும்வரை ஓரங்குலமும் நகரலாகாது.

பழகுநரின் ஆசானுக்கும் இங்கே ஒரு சொல். ‘லெஃப்ட், ரைட்’ என்று பக்கத்திலிருந்து ஓயாமல் கூவும் ஆசானிடம் பயிலும் மாணவர், கண்ணாடியைப் பார்க்கப் பழகுவதில்லை. ஆசானின் குரலைக் கேட்கவே பழகுகிறார். குரல் இல்லாத இடத்தில் அவர் கை ஓடாது. அபாயம் இல்லாத மைதானத்தில் மாணவர் தவறு செய்யட்டும். தவறு எப்படி வளர்கிறது என்பதை அவரே கண்ணாடியில் காணட்டும். பிறகு ஏன் அவ்வாறாயிற்று என்று கேட்பதே கற்பித்தல்.

சட்டமும் பயிற்சியும்

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, 20 வயது நிரம்பாதவர் பொது இடத்தில் போக்குவரத்து வாகனம் ஓட்டலாகாது. இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டேனும் ஆகாதவருக்குப் போக்குவரத்து வாகனம் பழகுவதற்கான உரிமமும் கிடையாது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், ஓட்டுநர் தேர்வில் வண்டியைப் பின்னே செலுத்திக் குறுகிய இடத்துக்குள் கட்டுப்பாட்டோடு கொண்டு செல்லும் திறமையையும் சோதிக்கச் சொல்கின்றன. எனினும், தேர்வுக்காகப் பின்னேறிக் காட்டுவது வேறு. நள்ளிரவில், மழையில், முன்பின் அறியாத கிடங்கில் பின்னேறுவது வேறு. நாமக்கல், கும்மிடிப்பூண்டி போன்ற இடங்களில் கனரக வாகன ஓட்டுநர் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. இத்தொழிலை நாடும் இளைஞர்கள், வெறுமனே ஒரு வண்டியில் தொற்றிக் கொண்டு பழகுவதோடு நில்லாமல், முறையான பயிற்சி பெறுவது அவர்களுக்கும் நமக்கும் நன்மை.

சங்கங்கள் செய்யத்தக்கவை

ஓட்டுநர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருப்பினும், கிடங்கின் வாயில் ஒழுங்காக இல்லாவிடில் அவர் என் செய்வார்? பெரும்பாலான கூட்டுறவுக் கிடங்குகள் மாட்டு வண்டிகளையும் சிறு லாரிகளையும் மனத்தில் கொண்டு கட்டப்பட்டவை. அவற்றை இடித்துக் கட்டுவது உடனே இயலாது. ஆனால் செலவின்றியும் சிறு செலவிலும் செய்யக் கூடியவை பல உண்டு.

வாயிலுக்கு எதிரேயுள்ள வெளியைக் காலியாக வைத்திருத்தல். வாயிலின் இரு நிலைகளிலும் தரையிலும் இரவில் தெரியும்படி வெள்ளைக் கோடு தீட்டுதல். பின்வண்டி சுவரை முட்டாமல் நிற்க, தரையில் தடுப்புக் கட்டை பதித்தல். வாயிலுக்கு மேலே ஒரு நல்ல விளக்குப் போடுதல். தாழ்ந்து தொங்கும் மின்கம்பியைப் பற்றி மின் வாரியத்துக்கு எழுதி உயர்த்தச் செய்தல். சரக்கு வரும் நாளில் சைகை காட்டத் தெரிந்த ஒருவரை நியமித்து, மற்றெவரும் வண்டியை நெருங்காமல் பார்த்துக் கொள்ளுதல் ஆகியவை அவற்றுள் சில. அறுவடைக் காலத்தில் களத்திற்கு வரும் பெண்களின் குழந்தைகளுக்கு, வண்டிப் பாதைக்கு அப்பால் நிழலுள்ள ஓர் இடத்தை ஒதுக்கி, ஒரு மூதாட்டியைத் துணை வைத்தல் இவற்றுள் தலையாயது.

இவை அனைத்தினும் எளிதானதும், நாம் அடிக்கடி மறப்பதும் ஒன்றுண்டு. அது ஓட்டுநரை அவசரப்படுத்தாதிருத்தல். ‘சீக்கிரம் வா, ஆட்கள் காத்திருக்கிறார்கள்’ என்று வாயிலில் நின்று கூவுபவர், இறங்கிப் பார்க்க நினைத்த ஓட்டுநரை இறங்காமல் செய்து விடுகிறார். ஓட்டுநர் இறங்கி ஒரு சுற்றுச் சுற்றி வர இரண்டு நிமிஷம் ஆகும். முன்னே இழுத்து நேராக்கி மீண்டும் வர ஐந்து நிமிஷம் ஆகலாம். இந்நேரத்தை அவருக்கு மனமுவந்து கொடுப்பது சங்கத்தின் கடமை. கூலி கணக்கில் அதனால் விழும் நஷ்டம் அற்பம். அதைக் கொடாததால் ஒரு குடும்பம் அடையக் கூடிய நஷ்டத்தை எந்தச் சங்கத்தின் நிதியாலும் ஈடுசெய்ய முடியாது.

நம் இல்லங்களிலிருந்து இத்தொழிலுக்குச் செல்லும் இளைஞர்களுக்கு நாம் கூற விரும்புவதும் இதுவே. ஒரே முயற்சியில் வண்டியைப் பொருத்திக் காட்டும் சாமர்த்தியம் நாளடைவில் தானே வரும். அதற்காக அவசரப்பட வேண்டுவதில்லை. மெல்லச் செல்லும் பழக்கமும், சிறிதளவே திருப்பும் பழக்கமும், ஐயம் வந்த இடத்தில் நிறுத்தி இறங்கும் பழக்கமும் முதல் நாளிலேயே படிய வேண்டும். முதல் நாளில் படியாதவை பின்னர் படிவது அரிது. எத்தனை முறை முன்னே இழுத்தார் என்று எந்தக் கிடங்கிலும் எவரும் கணக்கு வைப்பதில்லை. வண்டி நின்றபின், அதைச் சுற்றி நின்றவர் அனைவரும் நலமாக இருக்கிறார்களா என்பது ஒன்றே கணக்கு.